ஃபிரிட்ஜில் இருந்த டாஃபடில் பல்பை வெங்காயம் என்று நினைத்து வதக்கிவிட்டேன்

ஈரமண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

என் மனைவிக்கு டாஃபடில் என்ற குளிர்நாட்டுப் பூவைப் பூக்க வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நாங்கள் இருக்கும் இடத்தில் அதற்குத் தேவையான குளிர் கிடையாது. அதனால் அதன் பல்புகளை, அதாவது வெங்காயம் மாதிரி இருக்கும் கிழங்குகளை, காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் மூன்று மாதமாக வைத்திருந்தாள். என்னிடம் சொல்லியும் இருக்கிறாள், நானும் தலையாட்டியிருக்கிறேன். தலையாட்டுவது வேறு, காதில் வாங்குவது வேறு இல்லையா. நேற்று அவள் வீட்டில் இல்லை, சமையலுக்கு நான் இறங்கினேன். இரண்டு வெங்காயம்தான் கிடைத்தது, பைக்குள் கைவிட்டால் இன்னொன்று. பழுப்பான காய்ந்த தோல், உரித்தால் உள்ளே வெள்ளையாக அடுக்கடுக்காக. வெட்டும்போது கண் எரியவே இல்லை, நல்ல சாதி வெங்காயம் போலிருக்கிறது என்று சந்தோஷம் வேறு. கத்தியில் மட்டும் பசை மாதிரி ஒட்டியது, விரலை விரித்தால் நூல் நூலாக வந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

வதக்கி, வெந்துவிட்டதா என்று ஒரு கரண்டி வாயில் போட்டேன். கசப்பு. பாதியைத் துப்பிவிட்டேன், பாதி உள்ளே போய்விட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது, அப்புறம் வாந்தி. ஐந்து முறை. அவள் வந்து குப்பைத்தொட்டியில் கிடந்த தோலைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. பல்பு வாங்கியது அவள், ஆனால் உண்மையில் பல்பு வாங்கியது நான்.

இன்று காலை முதல் சரியாகிவிட்டது. ஆனாலும் சில கேள்விகள். நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடாதா? உடம்புக்குள் ஏதாவது தங்கியிருக்குமா? வதக்கிய சட்டியை என்ன செய்வது? கீழே விழுந்த ஒரு துண்டை எங்கள் நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது, என்னைவிட அதற்கு அறிவு அதிகம்.

சந்தேகசாமி

ஒரு கரண்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். போர்க்காலத்தில் டச்சுக்காரர்கள் துலிப் பல்பைத் தின்றே உயிர் பிழைத்தார்கள், அதுவும் இதுவும் ஒரே மாதிரிதானே. விஷம் விஷம் என்று எல்லாவற்றுக்கும் பயந்தால் தோட்டமே போட முடியாது.

இலைநரம்பு

ஒரே மாதிரி இல்லை சாமி, அதுதான் விஷயமே. துலிப் அல்லிக் குடும்பம், டாஃபடில் அமரில்லிஸ் குடும்பம். உள்ளே இருக்கும் சரக்கு வேறு. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் மக்கள் துலிப் பல்பு தின்றது உண்மைதான். ஆனால் சும்மா கடித்துத் தின்னவில்லை, நடுவில் இருக்கும் மஞ்சள் குருத்தை எடுத்துவிட்டுச் சமைக்கச் சொன்னார்கள். பசிக்கு வேறு வழியில்லாமல் தின்றது. டாஃபடிலையும் ஹையசிந்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது.

ஈரமண், உங்கள் கேள்விக்கு வருகிறேன். டாஃபடிலில், அதாவது நார்சிசஸ் இனம் முழுவதிலும், லைகோரின் என்ற ஆல்கலாய்டு (செடிகள் உண்டாக்கும் ஒரு வகை வேதிப்பொருள்) இருக்கிறது. இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் உண்டு, ஆனால் பல்பில்தான் அதிகம். செடிக்கு அதுதான் சேமிப்புக் கிடங்கு, எலி கடிக்கத் தேடி வருவதும் அதைத்தான், அதனால் காவலும் அங்கேதான். இந்த லைகோரினின் முக்கிய வேலையே வாந்தி எடுக்க வைப்பது. நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், செரோடோனின் என்ற நரம்புச் செய்திப் பொருள் வந்து உட்காரும் 5-எச்டி3 என்ற ஏற்பிகள் வழியாக இது வாந்தியைத் தூண்டுகிறது என்று தெரிந்தது. கீமோதெரபி வாந்திக்குக் கொடுக்கிறார்களே ஒன்டான்செட்ரான், அது அடைப்பதும் இதே ஏற்பிகளைத்தான். உங்களுக்கு அரை மணி நேரத்தில் எச்சில் ஊறி வாந்தி வந்தது அப்படியே பாடப்புத்தகம்.

வேகவைத்தால் போகாது. சூட்டுக்கு லைகோரின் அசைவதில்லை. 2009-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியில் குழந்தைகளே சூப் வைத்தார்கள், வெங்காயத்தோடு ஒரு டாஃபடில் பல்பும் கலந்துவிட்டது. கொதித்த சூப்தான். 12 குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், எல்லோரும் தேறிவிட்டார்கள்.

உடம்பில் தங்குமா என்றால், இந்த அளவுக்கு இல்லை. வாந்தியிலேயே பெரும்பாலும் வெளியே போயிருக்கும், விஷமே தன்னை வெளியே தள்ளிக்கொள்கிற அபூர்வமான கேஸ் இது. பெரியவர்களுக்குச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். சட்டியை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும், தலையைச் சுற்றி வீசவெல்லாம் வேண்டாம்.

பூக்கட்டு

நான் பூ அலங்காரத் தொழிலில் 14 வருஷமாக இருக்கிறேன். அந்தப் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. லைகோரின் வயிற்றுக்கு என்றால் பசை தோலுக்கு. அதில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்கள், கட்டுக்கட்டாக. தண்டை வெட்டினால் கொழகொழவென்று வழிகிற சாற்றோடு அவை தோலில் குத்தும், அந்தக் குத்தின் வழியே மற்றது உள்ளே இறங்கும். சீசனில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தண்டு ஒடிக்கும்போது விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் முதலில் வறட்சி, அப்புறம் சிவப்பு, அப்புறம் வெடிப்பு. இங்கிலீஷில் இதற்கு டாஃபடில் இட்ச் என்றே பெயர். எனக்கு முதல் வருஷம் சோப்புத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மூன்று சோப்பு மாற்றினேன்.

சமைத்தவர் வாயில் எரிச்சல் வந்ததா? வந்திருந்தால் அந்த ஊசிதான்.

ஈரமண்

வந்தது அக்கா! நாக்கு ஓரத்தில் சுருக் சுருக்கென்று. வாந்தியின் மும்முரத்தில் அதை மறந்தே போனேன். விரலில் லேசாக அரிப்பும் இருந்தது.

இலைநரம்பு, நன்றி. இப்போதுதான் மூச்சு வருகிறது.

மூன்றுகால்நாய்

கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் அந்த நாய் விஷயத்தை மட்டும் விட முடியவில்லை. "முகர்ந்துவிட்டுப் போனது, அதற்கு அறிவு அதிகம்" என்று நம்பி உட்காராதீர்கள். எலியும் மானும் டாஃபடிலைத் தொடாது, உண்மைதான். நாய்க்கு அந்த அறிவு கிடையாது. நாய்க்குட்டிக்கு மண்ணைத் தோண்டுவதே ஒரு விளையாட்டு, அதிலும் நடும்போது குழியில் எலும்புத்தூள் போடுகிறவர்கள் விருந்துக்கு இலை போட்ட மாதிரிதான். வாசனைக்குத் தோண்டும், கையில் கிடைப்பது பல்பு.

எங்களிடம் வந்த ஒரு குட்டி மூன்று பல்பைக் கடித்திருந்தது. வாந்தி, எச்சில், பேதி, அப்புறம் நடுக்கம். நிறைய உள்ளே போனால் ரத்த அழுத்தம் இறங்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். நீரேற்றி, வாந்தியை நிறுத்தும் ஊசி போட்டு, இரவெல்லாம் பார்த்துக்கொண்டோம். பிழைத்தது. அந்த வீட்டுக்காரர் பயத்தில் உப்புத் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றிவிட்டுத்தான் கொண்டுவந்தார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மனிதருக்கும் சரி, நாய்க்கும் சரி. உப்பு அதிகமானால் அதுவே தனி விஷம். வாயைத் துடைத்துவிட்டு, மீதிப் பல்பையோ தோலையோ ஒரு கவரில் போட்டுக்கொண்டு நேராகக் கிளம்புங்கள். எது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

பூனை வைத்திருப்பவர்கள் ஜாடித் தண்ணீரையும் கவனியுங்கள். தண்டிலிருந்து இறங்கிய சாறு அதில்தான் இருக்கிறது, பூனைக்கு அந்தத் தண்ணீர்தான் அமிர்தம்.

இன்னொன்று. அந்தச் சட்டியில் வெங்காயமும் இருந்தது இல்லையா? நாய்க்கு வெங்காயமும் ஆகாது, சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். ஆக உங்கள் சமையலில் நாய்க்குத் தகுந்தது எதுவுமே இல்லை.

ஈரமண்

மனைவி இந்தக் கடைசி வரியை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள்.

மாடிவேர்

பூனை என்றதும் ஒரு சந்தேகம். லில்லி பூனையைக் கொன்றுவிடும் என்று படித்திருக்கிறேன். டாஃபடிலையும் சில இடங்களில் லில்லி என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

மூன்றுகால்நாய்

இல்லை, இந்தக் குழப்பத்தால் தினம் ஒரு போன் வருகிறது. லிலியம் இனத்து அசல் லில்லியில் மகரந்தம் மேலே பட்டு, அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். அது வேறு லெவல். டாஃபடில் பூனையையும் நோயாளியாக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கொல்லாது. வீட்டில் பூனை இருந்தால் அசல் லில்லியை வாசல்படி தாண்ட விடாதீர்கள்.

வேலியோரம்

சந்தேகசாமிக்குப் பதிலாக இல்லை, ஆனால் எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே, இதே டாஃபடிலிலிருந்துதானே ஞாபகமறதிக்கு மருந்து எடுக்கிறார்கள்? அப்படியென்றால் கொஞ்சமாகச் சாப்பிட்டால் மூளைக்கு நல்லதுதானே. அளவோடு சாப்பிட்டால் நஞ்சும் மருந்துதானே.

இலைநரம்பு

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மருந்து உண்மை. அதன் பெயர் கேலன்டமைன். 1950-களில் பல்கேரியாவில் அதே அமரில்லிஸ் குடும்பத்துப் பனித்துளிப் பூவின் (ஸ்னோடிராப்) பல்பை வைத்து ஆராய்ச்சி நடந்து மருந்தாக வந்தது. அல்சைமர் நோய்க்கு அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்தது. வேல்ஸ் மலைப்பகுதியில் இதற்காகவே டாஃபடில் பயிரிடுகிறார்கள்.

ஆனால் மருந்துக்கு எடுப்பது கேலன்டமைன், உங்களை வாந்தி எடுக்க வைப்பது லைகோரின். பல்பில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றன, கூடவே இன்னும் எத்தனையோ. மாத்திரையில் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மில்லிகிராம் வரைதான், அதுவும் சிறிதாகத் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுகிறார்கள், அப்படியும் குமட்டல் வருகிறது. ஒரு பல்பில் எத்தனை மில்லிகிராம் என்பது ரகத்துக்கு ரகம், மாதத்துக்கு மாதம் மாறும். அளவோடு என்கிறீர்கள், அந்த அளவை எந்தக் கரண்டியால் அளப்பீர்கள்?

கிளைக்கதை ஒன்று, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். நார்சிசஸ் என்றால் தண்ணீரில் தன் முகத்தையே பார்த்து மயங்கிய பையனின் கதைதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரோமானியர் பிளினி, பூவுக்குப் பெயர் வந்தது அந்தப் பையனால் இல்லை, மரத்துப்போதல் என்று பொருள்படும் நார்கே என்ற கிரேக்கச் சொல்லால் என்று எழுதியிருக்கிறார். நார்கோடிக் என்கிறோமே, அதே வேர். சொல்லாராய்ச்சி சரியோ தப்போ, இந்தச் செடி உடம்பை என்ன செய்யும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

சந்தேகசாமி

சரி, துலிப் விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. இதனால் மனிதர் யாராவது செத்திருக்கிறார்களா? இல்லையென்றால் இவ்வளவு பயம் எதற்கு?

இலைநரம்பு

மனிதர் சாவது அரிதிலும் அரிது, ஏனென்றால் சாகிற அளவு சாப்பிடும் முன்பே வாந்தி நிறுத்திவிடும். பயப்படச் சொல்லவில்லை. குழந்தைக்கும் வயதானவருக்கும் விடாத வாந்தியில் நீர்ச்சத்து இறங்குவதே ஆபத்து. வாந்தி நிற்கவில்லை, ரத்தம் வருகிறது, மயக்கமாக இருக்கிறது என்றால் வீட்டில் உட்கார்ந்து இழை படிக்கக் கூடாது.

எனக்கு எரிச்சல் வருவது செடி மேல் இல்லை, வைக்கிற இடத்தின் மேல். 2012-ல் பிரிஸ்டலில் சுமார் பத்து பேர் டாஃபடில் மொட்டுத்தண்டைச் சீனப் பூண்டுத்தண்டு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 2015-ல் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு பெரிய அங்காடிகளுக்கு, டாஃபடிலைக் காய்கறிப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று கடிதமே எழுதியது. சஃபோக் சூப்பில் கலந்ததும் வெங்காயத்தோடு, உங்கள் காய்கறித் தட்டிலும் அதே கதை. தோட்டத்தில் மண்ணுக்குள் இருக்கும் பல்பைத் தோண்டித் தின்ற மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை. சமையலறைக்குள் வந்த பல்புதான் ஆள் மாறுகிறது.

ஈரமண்

அதையேதான் நானும் நினைத்தேன். நேற்று மீதிப் பல்புகளையும் வெங்காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்தேன் (தண்டனையாகவும் இருக்கட்டும் என்று). தனியாகப் பார்த்தால் ஏமாறலாம், சேர்த்துப் பார்த்தால் முடியாது. டாஃபடில் பல்பு கழுத்துப் பக்கம் நீண்டு குறுகுகிறது, பல பல்புகளில் ஒரு குட்டிப் பல்பு இடுப்பில் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோல் வெங்காயத்தோல் போலப் பளபளப்பாக இல்லை, மங்கலான காகிதம் மாதிரி. குறுக்கே வெட்டினால் நடுவில் பூமொட்டு குட்டியாக உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்த்தபோது கொஞ்சம் பாவமாகவே இருந்தது. முக்கியமாக, வாசனை இல்லை. பச்சைப்புல் மாதிரி லேசாக ஏதோ, அவ்வளவுதான்.

மாடிவேர்

வாசனையை மட்டும் நம்பாதீர்கள் அண்ணா. ஏற்கெனவே இரண்டு வெங்காயம் வெட்டிய கையால் மூன்றாவதை முகர்ந்தால் செங்கல்கூட வெங்காய வாசனைதான் அடிக்கும். இலை இருந்தால் வேலை எளிது, வெங்காயத்தாள் உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும், டாஃபடில் இலை தட்டையாக, கெட்டியாக இருக்கும்.

பூக்கட்டு

ஃபிரிட்ஜில் வைப்பதைப் பற்றித் தொழில்முறையில் ஒன்று. 12 முதல் 16 வாரம் குளிர் தேவை என்பது சரி, ஆனால் காய்கறித் தட்டு பல்புக்கும் நல்லதில்லை. பழங்கள், முக்கியமாக ஆப்பிள், எத்திலீன் வாயுவை வெளியே விடும். அது பட்டால் உள்ளே இருக்கும் மொட்டு கருகிவிடும். இலை மட்டும் வரும், பூ வராது. நிறைய பேர் "குளிர் போதவில்லை" என்று புலம்புவது இதனால்தான். பழம் இல்லாத சின்ன ஃபிரிட்ஜ் இருந்தால் அதில், இல்லையென்றால் மூடி போட்ட டப்பாவில் துளை போட்டு, பழத்தை வேறிடம் மாற்றிவிட்டு.

ஜாடியில் வைக்கும்போதும் டாஃபடிலைத் துலிப்போடு உடனே சேர்க்காதீர்கள். சாறு தண்ணீரில் இறங்கித் துலிப் சீக்கிரம் வாடிவிடும். தனியாக ஒரு இரவு தண்ணீரில் நிறுத்தி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தண்டை மறுபடி வெட்டாமல் சேர்த்தால் சரியாக இருக்கும். மறுபடி வெட்டினால் மறுபடி ஒழுகும்.

வேலியோரம்

அப்போ துலிப்பை வெறுங்கையால் தொடலாமா?

பூக்கட்டு

ஒன்றிரண்டு நடுவதற்குப் பயமில்லை. நாள் முழுக்கத் தொட்டால் அதற்கும் ஒரு நோய் இருக்கிறது, துலிப் விரல் என்பார்கள். டூலிபாலின் என்ற பொருள், விரல் நுனியைத் தடிக்கவைத்து வெடிக்கவைக்கும். வினைல் கையுறையை அது ஊடுருவிவிடும், நைட்ரைல்தான் தாங்கும். ஹையசிந்த் பல்புக்கும் கையுறை போடுங்கள், அதன் காய்ந்த தூள் பட்டாலே எனக்கு முழங்கை வரை அரிக்கும்.

மாடிவேர்

எங்கள் மாதிரி குளிர் இல்லாத இடத்தில் டாஃபடில் வைக்காதவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். மழை லில்லி, தொட்டியில் பெரிய சிவப்புப் பூ விடும் ஹிப்பியாஸ்ட்ரம், விஷமூங்கில் எல்லாமே அதே அமரில்லிஸ் குடும்பம், இவற்றிலும் லைகோரின் உண்டு. மழை லில்லி பல்பு சின்ன வெங்காயம் சைஸில் இருக்கும், சொல்லிவிட்டேன்.

இலைநரம்பு

சரியாகச் சொன்னீர்கள். இலையுதிர்காலத்தில் பூக்கும் கோல்கிகம் என்று ஒன்று இருக்கிறது, குங்குமப்பூ இனமான குரோக்கஸ் மாதிரியே பூ. அதை இந்த வரிசையில் சேர்த்து அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. அதில் இருப்பது கோல்கிசின் என்ற விஷம், நம் செங்காந்தள் கிழங்கில் இருப்பதும் அதேதான். அதற்கு மனிதர் செத்திருக்கிறார்கள், அதுவும் வாந்தி நின்று தேறிவிட்டது போலத் தெரிந்த பிறகு உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் போய். டாஃபடில் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கும், கோல்கிகம் சத்தமே போடாது.

ஈரமண்

கடைசியாக ஒரு கேள்வி. வெட்டிய துண்டுகளை உரக்குழியில் போடலாமா? செடிக்கு ஏதும் ஆகுமா?

மாடிவேர்

போடலாம், மட்கும்போது ஆல்கலாய்டும் சிதைந்துவிடும். நாய் கிளறாத ஆழத்தில் போட்டு மேலே இலைச்சருகு மூடுங்கள்.

மூன்றுகால்நாய்

நாய் கிளறாத ஆழம் என்று ஒன்று கிடையாது. மூடி போடுங்கள்.

ஈரமண்

மூடி போட்டாயிற்று. மீதி ஒன்பது பல்பையும் இன்று தொட்டியில் நட்டோம், நான் கையுறையோடு. அடுத்த வருஷத்துக்கான டப்பாவில் இப்போதே மனைவி எழுதி ஒட்டிவிட்டாள்: "இது வெங்காயம் இல்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்."